அரசிதழும் மீனவர் குப்பமும்

சட்டம் தெரியாது என்று சொல்லி யாரும் தண்டனையிலிருந்து தப்ப முடியாது. இந்த விதி இல்லாவிட்டால் குற்றம் செய்த ஒவ்வொருவரும் தெரியாமல் செய்துவிட்டதாகச் சொல்வார். அது பொய்யென்று மெய்ப்பிக்க வழியிருக்காது. எனவே விதி தேவைதான். ஆனால் சட்டத்தைத் தெரிந்துவைத்திருக்கும் கடமையைக் குடிமக்கள் மேல் சுமத்துகிற அரசு, தெரியப்படுத்தும் கடமையைத் தான் எந்த அளவுக்குச் செய்தால் போதும்? அரசிதழில் அச்சிட்டால் தீர்ந்ததா, அல்லது விதிக்குக் கட்டுப்பட வேண்டியவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி சொல்ல வேண்டுமா?

இந்திய உச்ச நீதிமன்றம் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை 1923-இல் ஓர் அபின் சட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டு எங்கும் வெளியிடாமல் வைத்திருந்தது. அதன்கீழ் ஹர்லா என்பவருக்கு 50 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 1951-இல் அந்த வழக்கில் நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு, வெளியிடப்படாத சட்டத்தால் ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு எதிரானது என்று அந்தத் தண்டனையை ரத்துசெய்தது. அடுத்தது மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் என்பவரின் வழக்கு. இந்தியா வழியாகத் தங்கம் கொண்டுசெல்வதற்கு இருந்த சலுகையைக் கட்டுப்படுத்தி ரிசர்வ் வங்கி பிறப்பித்த அறிவிக்கை 1962 நவம்பர் 24-இல் அரசிதழில் வந்தது. மூன்று நாள் கழித்து அவர் 34 கிலோ தங்கத்துடன் சூரிச்சில் விமானம் ஏறினார். மணிலா போகும் வழியில் பம்பாயில் பிடிபட்டார். அரசிதழில் வெளியானதே போதும், அவர் அதைப் பார்த்தாரா என்ற கேள்வி தேவையில்லை என்று 1965-இல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டார்.

சட்டத்தின் கணக்கில் இரண்டு தீர்ப்புகளும் ஒத்துப்போகின்றன: முன்னதில் வெளியீடு இல்லை, பின்னதில் இருந்தது. அறத்தின் கணக்கு அவ்வளவு எளிதில் முடிவதில்லை. 34 கிலோ தங்கத்தைச் சட்டைக்குள் மறைத்து நாடு விட்டு நாடு போகிறவர் வழியிலுள்ள நாடுகளின் சட்டங்களை விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் அநியாயம் ஏதுமில்லை. விசாரிக்க அவருக்கு வசதியும் இருந்தது. கடற்கரையில் குடிசை போட்டு வாழ்கிற மீனவர் டெல்லியில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியாகும் அறிவிக்கையைத் தேடிப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வேறு. தெரிந்துகொள்ள முடிந்தவர் தெரிந்துகொள்ளாமல் இருப்பது அவருடைய அலட்சியம். தெரிந்துகொள்ள வழியே இல்லாதவரைத் தெரிந்தவராகக் கொண்டு நடத்துவது அரசின் அலட்சியம்.

புதுச்சேரியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-இல் நடைமுறையில் விலகியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நடந்தது. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று 1956-இல் கையெழுத்தான உடன்படிக்கை சொன்னது. சட்டமன்றம் 1965-இல் ஆட்சிமொழிச் சட்டத்தை நிறைவேற்றியது: தமிழ் ஆட்சிமொழி, மாகேவில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு, இவற்றோடு ஆங்கிலமும் தொடரலாம். சிறிய ஆட்சிப்பகுதி ஒன்று, தன் மக்கள் பேசும் முக்கிய மொழிகளுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. ஆனால் யூனியன் பிரதேசம் என்பதால் மாநிலங்களைவிட இங்கே மத்திய அரசின் ஆணைகள் அதிகமாக, நேரடியாக வந்து சேர்கின்றன. அந்த ஆணைகளின் மொழியைத் தீர்மானிப்பது 1963-ஆம் ஆண்டின் மத்திய ஆட்சிமொழிகள் சட்டமும் 1976-ஆம் ஆண்டின் விதிகளும். அறிவிக்கைகளும் விதிகளும் இந்தி, ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் வெளிவர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 1976 விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அவற்றின் முதல் விதியிலேயே விலக்கு இருக்கிறது. புதுச்சேரிக்கு அந்த விலக்கு கிடையாது. இரண்டுக்கும் எல்லையான கோரிமேட்டைத் தாண்டினால் மொழி மாறுவதில்லை, பொருந்தும் விதி மாறிவிடுகிறது.

குடிமகன் எழுதும் திசையில் நிலைமை வேறாக இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு, நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்ப்பு மனு கொடுக்கும் உரிமையைத் தருகிறது. தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் வர வேண்டும் என்று அந்தப் பிரிவில் சொல்லப்படவில்லை. 2020-இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படைத் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மையம் கேட்டு மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு இந்தியில் பதில் வந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மனு எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே மத்திய அரசு பதிலளிக்க வேண்டும் என்றது. நாடாளுமன்ற உறுப்பினருக்கே நீதிமன்றம் போய்த்தான் புரிகிற மொழியில் பதில் பெற முடிகிறதென்றால், முதியோர் ஓய்வூதியத்துக்கு அலைகிறவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்கெனவே நடப்பில் உள்ள விதியைப் புரியாத மொழியில் சொல்வது ஒரு குறை. இனி வரப்போகும் விதியைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, கேள்வியையே புரியாத மொழியில் வைப்பது அதைவிடப் பெரிய குறை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை 2020-இல் இதுதான் நடந்தது. மார்ச் 23 தேதியிட்ட வரைவு ஏப்ரல் 11-இல் அரசிதழில் வந்தது. நாடு பொதுமுடக்கத்தில் இருந்தது. கருத்துச் சொல்ல 60 நாள். திட்டங்கள் மீதான பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குத் தரப்படும் 30 நாள் அவகாசத்தை 20 ஆகக் குறைக்கும் முன்மொழிவும் அந்த வரைவுக்குள் இருந்தது. மக்கள் பேசுவதற்கான நேரத்தைச் சுருக்கும் ஒரு முடிவு, அவர்களில் பெரும்பாலோர் படிக்க முடியாத மொழிகளில் அவர்கள் முன் வைக்கப்பட்டது.

டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30-இல் கால அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலாவது வரைவை மொழிபெயர்த்து வெளியிடச் சொன்னது. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தி, ஆங்கிலம் தவிர வேறு மொழியில் வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது அதன் வாதம். அங்கே தலைமை நீதிபதி பாப்டே, ஆட்சிமொழிகள் சட்டத்தையே திருத்துவது பற்றி அரசு யோசிக்கலாம் என்றார்.

சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்ற வாதம் சட்டப்படி வலுவானதாக இருக்கலாம். ஆனால் இதே துறையில் 2006 முதல் நடப்பிலுள்ள அறிவிக்கையைப் பார்த்தால் அதன் அறநிலை ஆட்டம் காண்கிறது. ஒரு தொழிற்சாலையோ துறைமுகமோ வருவதற்கு முன் கருத்துக்கேட்பு நடத்தும்போது, தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் கொடுக்க வேண்டும் என்று அந்த அறிவிக்கையே கட்டளையிடுகிறது. தனியார் நிறுவனம் தன் ஒரு திட்டத்தைத் தமிழில் விளக்கியாக வேண்டும். நாட்டின் எல்லாத் திட்டங்களையும் ஆளப்போகும் விதியை அரசு தமிழில் விளக்க வேண்டியதில்லை. இந்த இரட்டை அளவுக்கு நியாயம் சொல்வது கடினம்.

மறுபக்கத்தில் உண்மையான சிரமங்கள் இருக்கின்றன. மத்திய அரசிதழில் நாள்தோறும் அறிவிக்கைகள் வருகின்றன. அதிகாரிகளின் நியமனம், இடமாற்றம் முதல் சுங்க வரி வீதம் வரை எல்லாவற்றையும் 22 மொழிகளில் கொடுத்தால் வேலை தேங்கும். அதைவிடக் கனமான ஆட்சேபம் துல்லியத்தைப் பற்றியது. சட்ட வாசகத்தில் ஒரு சொல் இடம் மாறினால் பொருள் மாறும். இரண்டு மொழிகளில் இரண்டு பொருள் தொனித்தால் வழக்காடுகிறவர் தனக்குச் சாதகமானதைப் பிடித்துக்கொள்வார். அந்தக் குழப்பத்தில் ஏழையைவிட நல்ல வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடிந்தவரே லாபம் அடைவார். எளிமையாக்கும்போது விதிவிலக்குகள் உதிர்ந்துபோகும் ஆபத்தும் உண்டு. அந்த விதிவிலக்கை நம்பி வாழ்கிறவருக்கு எளிய தமிழே தீங்காக முடியலாம்.

முதல் ஆட்சேபத்துக்கு விடை, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காமல் இருப்பது. யாருடைய வாழ்வைத் தொடுகிறது, மீறினால் தண்டனை உண்டா, பாதிக்கப்படுகிறவர் வேறு வழியில் தெரிந்துகொள்ள முடியுமா என்ற மூன்றையும் கேட்டால் கட்டாயம் மொழிபெயர்க்க வேண்டியவை வெகுவாகக் குறையும். சுங்க வீதத்தை இறக்குமதியாளர் ஆங்கிலத்தில் படித்துக்கொள்வார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, ரேஷன், ஓய்வூதியம், நிலம் கையகப்படுத்தல், கடற்கரை ஒழுங்குமுறை ஆகியவற்றுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது.

துல்லியம் பற்றிய ஆட்சேபத்துக்கு மொழிபெயர்ப்பு மட்டும் விடையாகாது. 2019 ஜனவரி 18-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, புதுச்சேரியின் மீனவர் குப்பங்களான வீராம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கொடுத்தால் பெரும் பயன் இருக்காது. ஊரகக் கடற்கரையில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடமானால் உயர் அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை. அதற்குக் குறைந்த இடமானால் 200 மீட்டர். நகர்ப்புறத்துக்கு வேறு விதி. குப்பத்தில் இருப்பவர் கேட்பது ஒன்றுதான்: வீட்டைப் பிரித்துக் கட்டலாமா, கூடாதா? அதற்கு அறிவிக்கையோடு உயர் அலைக்கோடு எங்கே குறிக்கப்பட்டது என்ற வரைபடமும், அவருடைய ஊர் எந்த வகையில் சேர்ந்தது என்ற பட்டியலும் தேவை. படகு நிறுத்தும் மணலும் வலை உலர்த்தும் திடலும் வரைபடத்தில் விடுபட்டிருந்தால் ஆட்சேபிக்க எத்தனை நாள் இருக்கிறது, யாரிடம் எழுத வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். வாசகம் அப்படியே இருக்கட்டும். படிக்கிறவரின் கேள்வியிலிருந்து தொடங்கும் விளக்கக் குறிப்பு ஒன்று அதனுடன் வர வேண்டும்.

மத்திய அரசே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2014 பிப்ரவரியில் வகுக்கப்பட்ட சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கை, வரைவுகளை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்கவும் எளிய மொழியில் விளக்கக் குறிப்பு இணைக்கவும் சொல்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தானாக வெளியிடும் தகவலைப் பரப்பும்போது வட்டார மொழியைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அமெரிக்கா 2010-இல் எளிய எழுத்துச் சட்டம் இயற்றி, மக்களுக்கான அரசு ஆவணங்கள் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்றது. விதிமுறைகளின் வாசகத்தை மட்டும் அந்தக் கடமையிலிருந்து விலக்கி வைத்தது. மிகத் தேவைப்படும் இடத்தில் விலக்கு கொடுத்தது அதன் குறை.

புரியும்படி அறிவிப்பது முடியாதது என்று சொல்வதற்கும் இடமில்லை. புயல் சின்னம் உருவானதும் புதுச்சேரி துறைமுகத்தில் ஏறும் எச்சரிக்கைக் கூண்டு மத்திய வானிலைத் துறையின் கணிப்பிலிருந்து வருவதுதான். எண் எத்தனை என்று கேட்டதுமே கடலுக்குப் போவதா வேண்டாமா என்று குப்பத்தில் முடிவாகிவிடும். உயிர் போகும் என்று அரசு உணர்ந்த இடத்தில் அறிவிப்பு புரிகிற வடிவத்தில் வந்து சேர்கிறது. பிழைப்பு போகும் இடத்திலும் அதே அக்கறையைக் கேட்பது மிகையல்ல.

புரியாத அறிவிப்பு யாருக்கும் பயன்படாமல் கிடப்பதில்லை. இடைத்தரகருக்கு அது வருமானம். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்கும் ஊர் மக்களுக்கும் நடுவில் இருமொழி அறிந்த துபாஷிகள் நின்றார்கள். தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, அந்த இடத்தில் நிற்பவருக்கு எவ்வளவு செல்வாக்கு சேரும் என்பதைக் காட்டுகிறது. இன்று அலுவலக வாசலில் படிவம் நிரப்பித் தருகிறவரும், விதியை விளக்கக் காசு வாங்குகிறவரும் நிற்பது அதே நடுவிடத்தில். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அரசு பேசாமல் விட்டதை அவர்கள் பேசுகிறார்கள்; அதற்கான விலையை, கொடுக்க மிகக் குறைவாக வைத்திருப்பவர் கொடுக்கிறார்.

மொழிபெயர்ப்போ விளக்கக் குறிப்போ தவறாக இருந்தால் அந்தத் தவறின் சுமை யாருக்கு என்ற கேள்வி இன்னும் மிஞ்சுகிறது. ஆங்கில வாசகமே முடிவானது என்று கடைசி வரியில் ஒரு குறிப்புப் போட்டு அலுவலகங்கள் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். தமிழ்க் குறிப்பை நம்பி நடந்தவருக்கு அந்த வரி பெரும் அநீதி. 1973-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின் கீழ் அரசிதழில் வெளியிடப்படும் வட்டார மொழிபெயர்ப்பை அந்த மொழியில் அதிகாரபூர்வமான வாசகமாகவே கொள்ளும்படி செய்திருக்கிறது. மத்தியச் சட்டங்களோடு அவற்றின் கீழ் வரும் விதிகளுக்கும் ஆணைகளுக்கும் அது பொருந்தும். அந்த வழியை மக்களின் வாழ்வைத் தொடும் அறிவிக்கைகளுக்கு உடனுக்குடன் பயன்படுத்தலாம். அந்த அளவுக்குப் போக முடியாத விளக்கக் குறிப்புகளுக்கு வேறொரு பாதுகாப்பு போதும்: அரசு தந்த குறிப்பை நல்லெண்ணத்தோடு பின்பற்றியவருக்கு, குறிப்பு திருத்தப்படும்வரை அபராதமோ வழக்கோ கூடாது. அப்படியொரு பொறுப்பு தன் தலையில் விழும் என்று தெரிந்தால்தான் குறிப்பை எழுதும் அலுவலர் அதை உதாசீனமாக எழுத மாட்டார். புதுச்சேரி அரசின் துறைகள், மத்திய அறிவிக்கை கையில் கிடைத்ததும் தமிழிலும், மாகேவுக்கு மலையாளத்திலும், ஏனாமுக்குத் தெலுங்கிலும் குறிப்பு எழுதி, அந்தப் பாதுகாப்போடு வெளியிட 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே போதுமான அடிப்படை.