மேசையே என்று விளித்தல்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மட்டக்களப்பை நோக்கி ஏறிவரும் நெடுஞ்சாலை, பெரகலைச் சந்தியை எட்டுவதற்கு முன் மலையின் இடுப்பைப் பற்றிக்கொண்டு தயங்கிச் செல்லும் இடத்தில் இருக்கிறது ஹல்துமுல்லை. ஒருபுறம் தேயிலை, மறுபுறம் தெற்கே கடலை நோக்கித் தாழ்ந்து விரியும் சமவெளி, இரண்டுக்கும் நடுவே, பிற்பகலானால் எவருடைய அனுமதியும் கேளாமல் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் மூடுபனி. அந்தப் பனியினால் மார்புச் சளியும் இழுப்புமாக ஆண்டில் பாதி நாளைப் படுக்கையிலே கழித்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருக்கும் அவன் தகப்பனார் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து வந்தார். ஐந்து வயது முதல் பதினாறு வயதுவரை பிள்ளைகள் கல்வி கற்றாக வேண்டும் என்பது இந்நாட்டின் விதி. பையனின் பெயர் பள்ளிக்கூடத்து இடாப்பில் இருந்தது, பையன்தான் வீட்டில் இருந்தான்.

கணக்கும் விஞ்ஞானமும் தடையின்றி நடந்தன. தடுக்கி விழுந்தது லத்தீனில். தகப்பனார் இளமையில் சில ஆண்டுகள் குருமடத்தில் இருந்து, குருத்துவம் தமக்கு வாய்க்காது என்று தெளிந்து வெளியே வந்தவர். வரும்போது அங்கிருந்து கொண்டுவந்த ஒரே சம்பத்து ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு பழைய லத்தீன் இலக்கணப் புத்தகம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் அவரவர் தாய்மொழிக்குப் பூசையில் வாசலைத் திறந்துவிட்ட பிறகு, தம் தந்தையார் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமலே ஐம்பது வருஷம் முழந்தாளிட்டுக் கேட்ட அந்தப் பாஷை தம் வீட்டோடு அற்றுப்போகலாகாது என்பது அவருடைய விருப்பம். (அங்கே தமிழ் நுழைந்து அறுபது வருஷமாகிறது, எங்கள் சைவக் கோயில்களில் அந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. அது கிடக்கட்டும்.)

“சேர், இவன் மண்டையில ஏறவே மாட்டேங்குது. பாட்டு மாதிரி ஒப்பிக்கிறான், ஒரு வசனத்தைக் குடுத்தா முழிக்கிறான். நீங்க ஒருதரம் வந்து பாருங்க” என்று ஒருநாள் அவர் என்னிடம் வந்தார். நானோ ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், சைவன், லத்தீனில் ஓர் எழுத்தும் அறியாதவன். அறியாதவன் என்பதே அன்று என் தகுதியாயிற்று.

பையனின் எதிரில் உட்கார்ந்து, “தம்பி, எனக்கு இந்தப் பாஷை தெரியாது, நீதான் சொல்லித்தர வேண்டும்” என்றேன். அவன் தகப்பனாரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “மென்சா எண்டா மேசை, தாத்தா” என்று தொடங்கினான். மேசை என்பதே போர்த்துக்கேயரின் ‘மேசா’ என்ற சொல்லாக நம்மிடம் வந்து சேர்ந்த அந்த மென்சாதான் என்பதை அவனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. 1630இல் ஊவாவின் மேல் படையெடுத்து வந்து மாண்ட கொன்ஸ்தந்தீனு த சாவின் கூட்டத்தார் இந்த மலைச்சாரலில் விட்டுப்போன கோட்டைச் சிதைவைக் காட்டிலும், அவர்கள் நம் வீடுகளில் விட்டுப்போன மேசையும் சாவியும் ஜன்னலும் பாதிரியும் உறுதியாக நிற்கின்றன. அந்த நான்கும் லத்தீனின் பேரப்பிள்ளைகள். தான் முழங்கையூன்றி அழுத பலகையே லத்தீன் என்று கேட்டதும் பையன் மேசையைத் தடவிப் பார்த்தான்.

அடுத்து, வேற்றுமைகளை ஒப்பித்தான். ‘ஆஃப் த டேபிள்’, ‘டு த டேபிள்’ என்று ஆங்கிலம் தனித்தனிச் சொற்களை முன்னே நிறுத்திச் சொல்வதை லத்தீன் பெயரின் வாலிலே ஒட்டிச் சொல்கிறது. அதையேதான் தமிழும் செய்கிறது. தமிழ்ப் பிள்ளை ஒருவனை, வேற்றுமை உருபு ஏறக்குறைய உதிர்ந்துபோன ஆங்கிலத்தின் வழியாக, வேற்றுமை உருபே உயிராகிய லத்தீனுக்கு அழைத்துச் செல்வது, பக்கத்து வீட்டுக்குப் போகிறவனைப் பதுளை வழியாகச் சுற்றிப் போகச் சொல்வது போன்றது. வினையை வாக்கியத்தின் கடைசியில் வைப்பதில் லத்தீனுக்கு உள்ள பிரியமும், ‘நேசிக்கிறேன்’ என்றால் ‘நான்’ என்பது அதற்குள்ளேயே அடங்கிவிடும் சுபாவமும் தமிழனுக்கு விளக்கம் வேண்டாதவை. அந்த ஆங்கிலப் புத்தகம் நான்கு பக்கம் விளக்கித் திணறும் ‘அப்லேட்டிவ்’ என்ற வேற்றுமை, நம்முடைய மூன்றாவதும் ஐந்தாவதும் ஏழாவதும் ஒரே கூரையின்கீழ்க் குடியிருக்கும் லயம் என்று சொன்னபோது, லயத்திலே உறவினர் பலர் இருக்கும் அந்தப் பையன் வாய்விட்டுச் சிரித்தான். எழுவாயாக நிற்கும் மேசைக்கும் அந்த அப்லேட்டிவ் மேசைக்கும் உள்ள பேதம் ஈற்றுயிர் குறிலா நெடிலா என்பது மட்டுமே. ரோமன் எழுத்து அதை மறைத்துவிடுகிறது, ‘மென்ஸ’, ‘மென்ஸா’ என்று தமிழில் எழுதினால் குருடனுக்கும் விளங்கும்.

விளி வேற்றுமையில் வந்து நின்றோம். சர்ச்சில் தம் இளமைக்கால வரலாற்றில் எழுதியிருக்கிறார்: ஏழு வயதில் இதே மென்சாவை மனனம் செய்யச் சொன்ன ஆசிரியரிடம், “ஓ மேசையே என்பதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாராம், மேசையை அழைக்கும்போது அப்படிச் சொல்ல வேண்டும் என்று பதில் வந்ததும், “நான் மேசையை அழைப்பதே இல்லையே” என்றாராம், தண்டனை கிடைக்கும் என்று எச்சரிக்கப்பட்டாராம். நிலவையும் நாரையையும் தன் நெஞ்சையுமே விளித்துப் பாடிய ஜனங்களின் பிள்ளைக்கு அந்தச் சங்கடம் நேரவில்லை. “மேசையே, நீ ஏன் பேசவில்லை?” என்று அவன் கேட்டான், அடுக்களையில் தாயார் சிரித்தது கேட்டது. தகப்பனார் சிரிக்கவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு எதையேனும் கற்பிக்க முடியுமா என்ற கேள்வி, நாற்பது வருஷம் கற்பித்ததற்காகச் சம்பளம் வாங்கிய ஒருவனுக்கு நடுநிசியில் வரத்தக்கதன்று, ஆயினும் வந்தது. இந்தக் கேள்வியையே, லத்தீனைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு தகப்பனார், தம் மகனை எதிரே இருத்தி ஒரு சம்பாஷணையாக எழுதியிருக்கிறார். அவர் அர்ச். அகுஸ்தீன், மகன் அதேயோதாத்துஸ், நூல் ‘ஆசிரியரைப் பற்றி’ என்பது, காலம் கி.பி. 389ஐ ஒட்டியது. மகன் வாயில் வைத்த கருத்துகள் யாவும் பதினாறு வயதில் அவனே சொன்னவை என்று தகப்பனார் பிற்காலத்தில் சாட்சி சொல்கிறார். அந்த மகன் அதற்குப் பின் நெடுநாள் இருக்கவில்லை. வார்த்தை என்பது வெறும் அடையாளம், அறியாத பொருளை அது அறிவிக்காது, பிள்ளைகள் ஆசிரியர் சொல்வதைக் கேட்டு உள்ளே திரும்பித் தம் அகத்தில் இருக்கும் சத்தியத்தோடு ஒத்துப் பார்த்தே அறிகிறார்கள், அந்த அகத்து ஆசிரியர் கிறிஸ்துவே என்பது அந்நூலின் முடிபு. சிறுவயதில் கிரேக்கம் படிக்கப் பிரம்படி பட்டவர் அகுஸ்தீன். அடிக்குப் பயந்து கற்ற கிரேக்கம் கசந்ததையும், செவிலியரின் கொஞ்சலிடையே கற்ற லத்தீன் இனித்ததையும், பாஷை கற்பதற்குப் பயத்தைவிடச் சுயேச்சையான ஆவலே வலிது என்பதையும் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் சொன்னவர்.

பெனடிக்ட் முனிவரின் ஒழுங்குநூலை இவ்விடத்தில் நினைப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊருக்கு மேலே ஹப்புத்தளையில், தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரத் துரை 1931இல் கட்டிய அடிஷாம் மாளிகையை 1961இல் வாங்கி, பெனடிக்ட் சபையின் துறவிகள் மடமாக வைத்திருக்கிறார்கள். சங்கீதம் சொல்லும்போது பிழைவிடும் பிள்ளையை அடிக்கலாம் என்று அந்த நூலின் 45ஆம் அதிகாரம் சொல்கிறது. துருவைத் தேய்க்கிறேன் என்று பாத்திரத்தையே உடைத்துவிடாதே என்று அதே நூலின் 64ஆம் அதிகாரம் மடாதிபதிக்குச் சொல்கிறது. ஒரே கையால் எழுதப்பட்ட இந்த இரண்டும் ஒரே தகப்பனின் நெஞ்சிலும் இருக்கின்றன.

அகுஸ்தீனாரின் முடிபு எனக்கு முக்கால்வாசியே சம்மதம். அகத்தே நிற்பவன்தான் அறிவிக்கிறான் என்றால், புறத்தே நின்று தொண்டை வறளும் வாத்தியார் எதற்கு? சைவ சித்தாந்தம் இவ்விஷயத்தில் நுட்பமானது. வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்திருந்த அரசகுமாரனைப் போல ஐம்புலன்களிடையே மயங்கிக் கிடக்கும் உயிருக்கு இறைவனே குருவாய் உணர்த்துகிறான் என்ற சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தின் உரையிலே, அவன் உணர்த்தும் வகை உயிர்களின் மூன்று தரத்துக்கேற்ப மூன்றாகச் சொல்லப்படுகிறது: விஞ்ஞானகலருக்குத் தன்மையில், உள்ளிருந்தே, பிரளயாகலருக்கு முன்னிலையில், எதிரே தோன்றி, நம்மைப் போன்ற சகலருக்குப் படர்க்கையில், மனிதக் குரு ஒருவரின் வடிவத்தில் மறைந்து. இலக்கணத்தின் மூவிடங்களையே முத்திக்கு வழியாக வைத்த சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அகுஸ்தீன் தன்மையோடு நின்றுவிட்டார். நமக்கு வேண்டியது படர்க்கை. ஆசிரியன் வீணன் அல்லன். ஆனால் அவன் திரையேயன்றித் திரைக்குப் பின்னே நிற்பவன் அல்லன். தானே அவன் என்று நினைக்கும்போதுதான் பாடம் நிற்கிறது. சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் குழந்தையாக இருக்கையில், குலகுருவாகிய சகலாகம பண்டிதர் அவரிடம் வந்து ஆணவத்தின் சொரூபம் யாது என்று கேட்க, குழந்தை அவர் நின்ற நிலையையே பார்த்ததாகவும், பண்டிதர் அக்கணமே வணங்கி அருணந்தி என்ற பெயரோடு சீடரானதாகவும் பரம்பரை சொல்லும். வீட்டிலே பாடம் சொல்லும் தகப்பனுக்கு இந்த அபாயம் இரட்டிப்பு: பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு மாணவன் பிழைவிட்டால் அது மாணவனின் பிழை, தகப்பனுக்கு அது தன் ரத்தத்தின் பிழையாகத் தோன்றுகிறது, தான் பாதியில் விட்டுவந்த குருமடமே திரும்பி வந்து தன்னை ஏளனம் செய்வதாகத் தோன்றுகிறது.

இதையெல்லாம் நான் கிளாக்கரிடம் சொல்லவில்லை. கச்சான் காற்று வீசத் தொடங்கிப் பனி விலகிய மாதங்களில் வாரம் இருமுறை போய் உட்கார்ந்து, பையனிடம் பாடம் கேட்டேன், அவ்வளவுதான். எல்லாம் சுகமாக நடந்ததென்று எண்ண வேண்டாம். பெயருக்கு ஏற்ப அடைமொழியும் வால் மாற்றிக்கொள்ளும் லத்தீன் வழக்கம் தமிழில் இல்லை. அங்கே எங்கள் உறவு அறுந்து, இருவருமே விழுந்தோம். உயர்திணைக்கே ஆண்பால் பெண்பால் வைத்துப் பழகியவனுக்கு மேசை பெண்பாலான நியாயம் விளங்கவில்லை. “மேசை ஏன் பொம்பிளை, அப்பா?” என்று ஒருநாள் கேட்டான். தகப்பனார் புத்தகத்தைப் புரட்டினார், மூடினார், “எனக்கும் தெரியாதுடா” என்றார். அந்த வீட்டில் அவ்வார்த்தை அதற்குமுன் கேட்கப்பட்டதில்லை என்பது பையன் அவரைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர், தமக்குப் பின்வரும் பாதிரிமாருக்காகக் கொடுந்தமிழின் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார் என்றும், யேசுசபையாரான அவருடைய அந்த நூலை 1738இல் தரங்கம்பாடியில் லுத்தர் சபையாரின் அச்சுக்கூடமே பதிப்பித்தது என்றும், அவர் அக்கரையிலிருந்து போட்ட பாலத்தில் நாம் இக்கரையிலிருந்து நடக்கிறோம் என்றும் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்த மாலையில், கதவோரம் நின்று கேட்டிருந்த கிளாக்கர், நான் புறப்படும்போது ஒற்றையடிப் பாதைவரை கூடவே வந்தார்.

“சேர், வேற்றுமையெல்லாம் இஸ்கூல்ல படிச்சது, மறந்து போச்சு. உங்ககிட்ட நன்னூல் ஒண்ணு இருக்குமா? நானும் கொஞ்சம் பாக்கணும்.”

நன்னூலில் வேற்றுமை பெயரியலில் வருகிறது. அதை எட்டுமுன், முதற் பக்கங்களிலேயே பாயிரம் இருக்கிறது. அங்கே ஆசிரியராகத் தகாதவர் நால்வரைப் பவணந்தியார் உவமையால் காட்டுகிறார், அவர்களில் ஒருவர், நிரப்பிய கழற்காய்களை எல்லாம் ஒரே கவிழ்ப்பில் கொட்டிவிடும் குடம். முதல் நாள் ஐந்து வகைப் பெயர்வாய்பாட்டையும் ஒரே மூச்சில் பையன் ஒப்பிக்கக் கேட்டபோதே அந்தக் குடம் என் நினைவில் வந்திருந்தது. மறுநாள் காலை அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, பெயரியலில் மட்டும் ஒரு பஸ் டிக்கட்டை அடையாளமாகச் செருகிக் கொடுத்தனுப்பினேன்.