மதிப்பெண்ணுக்கு ஒரு மொழியா?

மேல்நிலை வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கும் காலம் வந்துவிட்டால் பல இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது: "மொழிப்பாடம் தமிழா, பிரெஞ்சா?" கேட்பவர் பெற்றோர், விடை சொல்பவரும் பெரும்பாலும் பெற்றோரே. படிக்கப்போகும் பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். தமிழாசிரியையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற நம்மிடமும் இக்கேள்வியோடு உறவினரும் நண்பரும் வருவதுண்டு. பாடத்தேர்வு பற்றிய கேள்வியாக இது தோன்றினும், இதனுள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருப்பதாகவே நமக்குப் படுகின்றது.

தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ளது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. அதற்கு மேல், ஆங்கிலத்தோடு படிக்கும் மற்றொரு மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழை எடுப்பவர் செய்யுளும் உரைநடையும் இலக்கணமுமாகப் பத்தாண்டுப் பயிற்சியின்மேல் கட்டப்பெற்ற பாடத்தைப் படிக்கவேண்டும். பிரெஞ்சை எடுப்பவருள் பெரும்பாலோர் அப்பொழுதுதான் அம்மொழியின் முதற்சொல்லைக் கேட்கின்றனர். பாடமும் அதற்கேற்பவே அமையும். இரண்டிற்கும் மதிப்பெண் ஒன்றுதான். முன்பு 200, 2017-18இல் பதினோராம் வகுப்பில் தொடங்கிய மாற்றத்திற்குப் பின் 100.

வியப்பு யாதெனில், பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றின் மதிப்பெண்களையே கணக்கில் கொள்வர்; மொழிப்பாடம் அதில் சேராது. ஆயினும் பொறியியலை விரும்பிய பிள்ளைகளே பிரெஞ்சு வகுப்பை மிகுதியும் நாடக் கண்டோம். மதிப்பெண்ணோடு அவர்கள் தேடியது நேரம். மொழிக்குச் செலவாகும் மணிகளை மிச்சம்பிடித்துக் கணக்கிற்குக் கொடுத்துவிடலாம் அல்லவா?

நிற்க. பிறரைக் குறை கூறுமுன் நம் கணக்கையும் சொல்லியாக வேண்டும்.

1990களில் சென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பணியாற்றினோம். பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அவள் எழுதிய கட்டுரைகளை ஆசிரியர் அறைக்கு எடுத்துச் சென்று மற்றவர்க்கு வாசித்துக் காட்டியிருக்கிறோம். தேர்வு முடிந்தபின் அவளுடைய அன்னை வந்து, "நீங்கள் எது சொன்னாலும் சரி, டீச்சர்" என்றார். அவள் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவ்வீட்டின் பெருங்கனவு. "பிரெஞ்சே எடுக்கட்டும் அம்மா, கணக்குக்கு நேரம் கிடைக்கும்" என்றோம். தமிழாசிரியை ஒருத்தி சொன்ன விடை அது. அவள் எண்ணியபடியே பொறியியற் கல்லூரியில் இடம் பெற்றாள். பிரெஞ்சிலும் 190க்கு மேல் வாங்கினாள். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து ஒரு திருமண வீட்டில் சந்தித்தபோது, "பிரெஞ்சு நினைவிருக்கிறதா?" என்று கேட்டோம். "வணக்கம் சொல்ல வரும், டீச்சர்" என்று சிரித்தாள். தமிழில் ஏதேனும் எழுதுவதுண்டா என்றதற்கும் அதே சிரிப்புத்தான். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. உறக்கமின்றி இருந்தது நாம்தான்.

பயன் கருதி மொழி கற்பது குற்றமா? அப்படிச் சொல்ல நமக்கு வாயில்லை. நம் தலைமுறையினர் ஆங்கிலம் கற்றது ஊதியம் கருதியே. பிழைப்புக்காக ஜெர்மனோ ஜப்பானியமோ கற்கும் இளைஞரும் மெய்யாகவே கற்கின்றனர். கற்காவிட்டால் அவர்களுக்குப் பயன் கிட்டாது. பள்ளிப் பிரெஞ்சின் நிலை வேறு. அங்கே பயன் கிட்டுவது அம்மொழியை அறிந்ததனால் அன்று. எவ்வளவு குறைவாக அறிந்தாலும் போதும் என்பதனால். அறியாமலே பெற்ற மதிப்பெண், அறிந்ததாகச் சான்றிதழில் நிற்கின்றது. இதனைப் பொய் என்பது மிகை. பிள்ளை வினாவுக்கு விடை எழுதித்தானே பெற்றது? ஆனால் வாய்மையையும் கள்ளாமையையும் விரதமாகப் போற்றும் குடும்பத்தினர், இதனை மெய் என்று சொல்லவும் சற்றுத் தயங்கவேண்டும். தயங்க வேண்டியவர் பிள்ளைகள் அல்லர். தேர்ந்து கொடுத்தவர்கள் நாம்.

இதனால் தமிழுக்கு இழப்பு என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். பிரெஞ்சுக்கும் இழப்பு என்று நமக்குச் சொன்னவர் அப்பள்ளியின் பிரெஞ்சு ஆசிரியை. புதுச்சேரியில் பிறந்தவர், அம்மொழியை வீட்டிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்தவர். "என் வகுப்பில் எல்லாரும் நூற்றுக்குத் தொண்ணூறு. பசிக்கிறதா என்று கேட்க ஒருவருக்கும் தெரியாது. கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை" என்பார். வகுப்பு நிரம்பி வழிந்தவர் அவர். வகுப்பு மெலிந்துகொண்டே வந்தவர் நாம். ஆயினும் இருவருக்கும் மனக்குறை ஒன்றாகவே இருந்தது.

உணவு இடைவேளைகளில் அவரிடம் நாம் கேட்டுத் தெரிந்துகொண்டவை சில. பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். உயர்திணைக்கே ஆண், பெண் எனப் பால் பிரித்துப் பழகிய நமக்கு இது வேடிக்கையாக இருந்தது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கும் உண்டு. ஆனால் 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் அவர்களிடம் 'நூ' என்ற ஒரே சொல்தான். எதிரில் நிற்பவரைச் சேர்த்துச் சொல்கிறோமா, விலக்கிச் சொல்கிறோமா என்பதை அச்சொல் காட்டாது. பிறந்தது முதல் இவ்விரு சொற்களையும் வழங்கி வந்திருக்கிறோம். இலக்கண வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தியுமிருக்கிறோம். ஆயினும் நம் மொழி ஒவ்வொரு பேச்சிலும் "கேட்பவரைச் சேர்த்துக்கொண்டாயா?" என்று நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பது, அது இல்லாத மொழியைப் பற்றிக் கேட்ட பின்னரே விளங்கிற்று. ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கண்டு முற்றும் கண்டதாகக் கொள்ளாதே என்று அநேகாந்தம் கூறுவதை அதுகாறும் பிற சமயத்தாரோடு செய்யும் வாதத்திற்கே உரியதாக எண்ணியிருந்தோம்.

மகிழ்ச்சி தராத பாடமும் ஒன்று உண்டு. பிரெஞ்சு அகராதியில் தமிழ்ச்சொற்கள் சில உள்ளன. 'கட்டுமரம்' அங்கே சென்றிருப்பது கேட்டுப் பெருமை கொண்டோம். 'பாரியா' என்ற சொல்லும் உண்டு. ஒதுக்கப்பட்டவன் என்று பொருள். நம் நாட்டில் ஒரு சமுதாயத்தாரின் பெயர், போர்ச்சுக்கீசியர் வாய்வழி அங்கே சென்று அப்பொருளில் நிலைபெற்றுவிட்டது. அம்மக்களை நாம் நடத்திய விதத்தை அயலார் கண்டு, அதனையே சொல்லின் பொருளாக எழுதிக்கொண்டனர். வெளிநாட்டு மொழியை ஊன்றிக் கற்கும் மாணவன் ஒருநாள் இச்சொல்லை எதிர்கொள்வான்; வீட்டில் வந்து கேட்பான். மதிப்பெண்ணுக்காகக் கற்பவன் அந்தப் பக்கம் வரை போவதே இல்லை.

அயல்மொழியை ஊன்றிக் கற்றவர்க்கு நம் சமயமும் கடன்பட்டுள்ளது. ஹெர்மன் யாக்கோபி ஜெர்மானியர். ஆசாராங்கம், கல்பசூத்திரம் ஆகியவற்றைப் பிராகிருதத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1884இல் வெளியிட்டார். கற்ற மொழியும் எழுதிய மொழியும் இரண்டுமே அவர்க்குத் தாய்மொழி அல்ல! சமணம் பௌத்தத்தின் கிளையன்று, தனிச்சமயமே என்று மேலைநாட்டறிஞர் ஏற்றதில் அவர் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் மாணாக்கரை வகைப்படுத்தியதை ஆசிரியர் பயிற்சியில் நாம் மனப்பாடம் செய்தோம். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் நெய்யரியைக் கடைமாணாக்கர்க்கு உவமையாக்குகிறார். அந்நாளில் அதனை மந்தமான பிள்ளைகளுக்கு உரியதாகவே கொண்டோம். நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையையும் நெய்யரியாக்கும் ஆற்றல் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உண்டு என்பது அன்று தோன்றவில்லை.

அண்மையில் நம் மகள் வயிற்றுப் பேத்தி பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். அதே கேள்வி நம்மிடமே வந்தது. இம்முறை அவளையே கேட்டோம். "பிரெஞ்சு பிடித்திருக்கிறது, பாட்டி" என்றாள். பிடித்ததா, எளிதா என்று மறுபடியும் கேட்டோம்; சற்று யோசித்து, "இரண்டும்" என்றாள். அந்த விடையின் நேர்மை நமக்குப் போதுமானதாக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை விதித்தோம்: நாள்தோறும் கற்றதை இரவில் அரைமணி நேரம் நமக்குக் கற்பிக்க வேண்டும். தமிழ் நூல் ஒன்றையும் அவள் உரக்க வாசிக்க, நாம் கேட்போம்.

ஒப்புக்கொண்டாள். எண்கள் வரை வந்திருக்கிறோம். எண்பதை 'நான்கு இருபது' என்றுதான் பிரெஞ்சில் சொல்ல வேண்டுமாம். தொண்ணூறு 'நான்கு இருபது பத்து'. மூக்கால் ஒலிக்கவேண்டிய எழுத்துகள் இன்னும் நமக்குக் கைகூடவில்லை. பேத்தி பொறுமையாகத்தான் இருக்கிறாள். சென்ற வாரம் 'நூ' வந்தது. "பாட்டி, இது நாமா, நாங்களா?" என்று கேட்டாள்.