பிஞ்சு உள்ளமும் ஜீவகாருண்யமும்

குழந்தையின் முதல் படப் புத்தகத்திலேயே பசுவும் கன்றும், கோழியும் குஞ்சும் இடம்பெற்றுவிடுகின்றன. 'எல்லா உயிரிடத்தும் அன்பாய் இரு' என்று சொல்லித் தராத பெற்றோரும் இல்லை. ஆனால், அப்படத்தைத் தடவிப் பார்க்கும் குழந்தை, 'நேற்றுக் குழம்பில் இருந்தது இந்தக் கோழிதானா?' என்று கேட்டால், பல வீடுகளில் பேச்சு மாற்றப்படுகிறது. அந்த மௌனத்தைக் கலைக்கலாமா? கலைப்பதாயின், எவ்வாறு?

அனந்தபுரியின் இரு மகான்கள்

திருவனந்தபுரத்துக்கு இது புதிய கேள்வியன்று. அந்நகரில் 1853-இல் பிறந்தவர் சட்டம்பி சுவாமிகள். கல்லிடைக்குறிச்சியில் தங்கிச் சாஸ்திரம் பயின்றவர். தமிழ் நன்கு அறிந்தவர். புலால் மனிதனுக்கு உரிய உணவன்று என்பதைக் காரணங்களுடன் நிறுவ 'ஜீவகாருண்ய நிரூபணம்' என்ற நூலை இயற்றினார். விருந்துக்கு அழைக்கப்பட்ட அவர் நாய்களையும் உடன் அழைத்துச் சென்று, அவற்றுக்கும் இலை போடச் செய்தார் என்றொரு வரலாறு வழங்கி வருகிறது.

நகரை அடுத்த செம்பழந்தியில் 1856-இல் தோன்றிய ஸ்ரீ நாராயண குரு, 'ஜீவகாருண்ய பஞ்சகம்' பாடினார். உண்பவர் இல்லையெனில் கொல்பவரும் இல்லை. ஆதலின் கொல்லச் செய்து உண்பவரின் பாவமே பெரிது என்பது அதில் வரும் ஒரு கருத்து.

இதே கருத்தை இன்று படப் புத்தகங்கள் குழந்தைகளிடம் கொண்டு செல்கின்றன. அமெரிக்க ஓவியர் ரூபி ராத் 2009-இலும் 2012-இலும் வெளியிட்ட நூல்கள், இறைச்சியோடு பால், முட்டை ஆகியவற்றையும் விலக்கும் 'வீகன்' நெறியைச் சிறுவர்களுக்கு எடுத்துரைத்தன. 'பிஞ்சு மனத்தை அச்சுறுத்தலாமா?' என்ற எதிர்ப்பு எழுந்தது. அதைப் புறக்கணிப்பதற்கில்லை. கத்தியையும் குருதியையும் கண்டு நடுங்கும் குழந்தை கருணையைக் கற்பதில்லை, அச்சத்தையே கற்கிறது.

அச்சத்தினும் கொடியது

அச்சத்தைவிடக் கொடிய ஆபத்து ஒன்றுண்டு. அது செருக்கு. 'நான் தூயவன், அவன் உயிரைத் தின்பவன்' என்ற எண்ணம் குழந்தையின் உள்ளத்தில் முளைத்துவிட்டால், ஓர் உயிரிடம் அன்பு காட்டக் கற்ற அதே நாளில் இன்னோர் உயிரை இகழவும் அது கற்றுவிடுகிறது.

திருவனந்தபுரத்தின் விழிஞ்ஞம், பூந்துறைக் கடற்கரைகளில் மீன்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். அவர்களைக் கருணையற்றவர் என்று எந்தப் புத்தகம் சொல்ல முடியும்? அந்த வீட்டுப் பிள்ளையும் வகுப்பில் பக்கத்தில்தான் அமர்ந்திருக்கிறான். சத்துணவில் முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. பழம் பெற்ற கை, முட்டை பெற்ற கையை விலக்கிவிடலாகாது.

ஆபுத்திரன் காட்டும் வழி

மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை இரவில் மீட்டுச் சென்றான். பிடிபட்டு அடியுண்டான், ஊராலும் விலக்கப்பட்டான். பின்னர் அவன் செய்தது என்ன? தன்னை வெறுத்த மனிதரை அவன் வெறுக்கவில்லை. மதுரையில் பிச்சை ஏற்று, குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் அனைவரையும் அழைத்து ஊட்டிய பின்னரே, மிச்சத்தை உண்டான். பசுவிடம் பிறந்த இரக்கம் மனிதர்வரை பெருகிற்று. குழந்தைக்கு அளிக்கும் எந்தப் புத்தகத்துக்கும் இதுவே உரைகல்.

பாலைப் பற்றிய கேள்வியையும் ஒதுக்கிவிட இயலாது. உலகிலேயே மிகுதியாகப் பால் கறக்கும் நாடு இந்தியா. கறவை வற்றிய பசுவும், பிறந்த காளைக் கன்றும் எங்கே போகின்றன என்று குழந்தை கேட்டால், சைவ உணவு உண்ணும் வீட்டிலும் நேர்மையான விடை வேண்டும். பாலை விலக்க முடிவு செய்யும் பெற்றோர், பி12 போன்ற சத்துகளுக்கு மருத்துவரின் ஆலோசனை பெறுவது கடமை. வளரும் உடலும் காக்கப்பட வேண்டிய ஓர் உயிரே.

ஆகவே, மௌனம் கலையட்டும். வயதுக்கேற்ற உண்மை, வெறுப்பில்லாத சொற்களில் சொல்லப்படட்டும். முதலில் உறவு, பிறகு விலக்கு என்பதே முறை. தொழுவத்துக் கன்றைத் தடவவும், பறவைக்கு நீர் வைக்கவும், எறும்புப் புற்றை மிதியாமல் நடக்கவும் பழகிய குழந்தை, தன் தட்டில் எதை ஏற்பது என்பதைத் தானே ஒருநாள் தீர்மானிக்கும். அதற்கு முன், படம் காட்டும் பெரியவர் தெருநாயைக் கல்லால் அடிக்காதவராகவும், வேலைக்காரரிடம் கடுஞ்சொல் கூறாதவராகவும் இருத்தல் வேண்டும். குழந்தை புரட்டும் முதல் படப் புத்தகம் பெற்றோரின் வாழ்க்கையே.