நாற்பது வெள்ளி அலமாரி

சிங்கப்பூரில் பழைய மரச்சாமான் வாங்கிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பொருளின் விலையைவிட லாரி வாடகை அதிகம். எங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்கும் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரிக்கு நாங்கள் கொடுத்தது 40 வெள்ளி. மரின் பரேடிலிருந்து வீராசாமி சாலைக்கு அதைக் கொண்டுவந்து, மின்தூக்கிக்குள் சாய்த்து நுழைத்து, வீட்டில் இறக்கி வைத்ததற்குக் கொடுத்தது 90 வெள்ளி. தேக்கின் விலை ஒன்றும் இறங்கிவிடவில்லை. அதை நிறுத்திவைக்க வேண்டிய நாலடிச் சுவரின் விலைதான் ஏறிக்கொண்டே போகிறது.

இப்படிச் சல்லிசாக ஒன்று அகப்பட்டுவிட்டால் வரும் சந்தோஷமே தனி. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விலையைச் சொல்லலாம். "இருக்கவே இருக்காது" என்று அவர்கள் கண்ணை விரிப்பதை ரசிக்கலாம். நானும் ரசித்தேன். ஆனால் அந்த அலமாரியோடு ஒரு கேள்வியும் வீட்டுக்குள் வந்துவிட்டது. மலிவாகக் கிடைத்த ஒன்றுக்கு, காசைக் கொடுத்து முடித்த பிறகும் நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா?

ஊரே லிட்டில் இந்தியாவுக்குத் திரண்டு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், அங்கேயே குடியிருக்கும் நாங்கள் வேறெங்காவது கிளம்பிவிடுவோம். அன்று போனது ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குக்கு. புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், பாய், பிள்ளைகளுக்கு மண் தோண்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. சவுக்கு மரத்தடியில் பாயை விரித்தால் எதிரே கடல். கடல் முடிகிற இடத்தில் நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும் சரக்குக் கப்பல்கள். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு மலாய்க் குடும்பம் சாத்தே சுட்டுக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த என் கணவர் கைப்பேசியில் கெரோசெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். 2012இல் இங்கே தொடங்கிய அந்தச் செயலியில் பிள்ளைத் தொட்டில் முதல் பியானோ வரை கைமாறுகிறது. "இங்க பாரு, நடக்கிற தூரம்தான்" என்று திரையை நீட்டினார்.

சுரங்கப்பாதை வழியாக விரைவுச்சாலையைத் தாண்டினால் மரின் பரேட் புளோக்குகள். கதவைத் திறந்தவர் எண்பதை நெருங்கிய தமிழர். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் தனித்தனி வீடுகளில். இரண்டறை ஃபிளெக்ஸி வீடு ஒன்றுக்கு மாறிப் போகிறார். முதியவர்கள் பலர் நாடும் அந்த வீடுகள் 40 சதுர மீட்டரை ஒட்டியவை. கட்டிலும் சாப்பாட்டு மேசையும் போட்டபின் இந்த அலமாரி அங்கே நிற்க வேண்டுமென்றால் அவர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

"கடைசியா எவ்வளவு அங்கிள்?" என்றேன் வழக்கப்படி.

"முதல் கடைசின்னு ஒண்ணும் இல்லம்மா. நாப்பது வெள்ளி. சும்மாவே கொடுக்கலாம். சும்மா வந்த சாமானை யாரும் மதிக்க மாட்டாங்க, அதுக்காகத்தான் ஒரு விலை."

பிறகு அலமாரியின் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ் அதிகாரியின் குடும்பம் ஒன்று ஊருக்குக் கப்பலேறும் முன் வீட்டுச் சாமான்களை விற்றபோது சல்லிசாக வாங்கியதாம். "வெள்ளைக்காரன் கிளம்புறான், நம்ம வேலை நிக்குமோ போகுமோன்னு எல்லாருக்கும் பயம். அந்த நேரத்துல எங்கப்பா அலமாரியைத் தூக்கிட்டு வந்து நிக்கிறாரு. அம்மா ஏசுன ஏச்சு இன்னும் காதுல இருக்கு."

பயத்துக்குக் காரணம் இருந்தது. 1971க்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டன் 1968 ஜனவரியில் அறிவித்தபோது, சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. செம்பவாங் வட்டாரத்தில் தமிழர், மலையாளிக் குடும்பங்கள் ஏராளம். கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறை அதே ஆண்டு செம்பவாங் ஷிப்யார்டாக மாறிப் பிழைத்துக்கொண்டது. அந்த மாற்றம் நிலைக்குமா என்று யாருக்கும் தெரியாத நாள்களில் ஒரு தொழிலாளி பர்மாத் தேக்கில் பணத்தைப் போட்டிருக்கிறார்.

ஆக, இந்த அலமாரி குறைந்தது இரண்டு தடவை சல்லிசாக விற்கப்பட்டிருக்கிறது. இரண்டு தடவையும் யாரோ கிளம்ப வேண்டியிருந்தது. முதலில் ஒரு பேரரசு, பிறகு தனித்துப்போன ஒரு மனிதர். மலிவு என்று நாம் கொண்டாடுவதைக் கொஞ்சம் கிளறினால் அடியில் பெரும்பாலும் ஒரு புறப்பாடு இருக்கிறது. வேலை அனுமதி முடிந்து நாடு திரும்பும் குடும்பம், முறிந்த திருமணம், முதியோர் இல்லத்துக்குப் போன தாய். விற்பவருக்கு நாள் குறித்தாகிவிட்டது, வாங்குபவருக்கு அவசரமில்லை. அந்த இடைவெளிதான் நமக்கு லாபமாகக் கையில் விழுகிறது.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்கள் இதையே வேறு அளவில் பார்த்திருப்பார்கள். இடிபட்ட செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பெல்ஜியம் கண்ணாடிகளும் அந்தக் கடைகளில் சாய்ந்து நிற்கும். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரம் அது. பர்மாவில் சம்பாத்தியம் போனபின் வீட்டைக் காக்க ஆளில்லாமல் தெருவுக்கு வந்தது. அங்கே வீடு பெரிதாகி, பங்காளிகள் பலராகி, பொருள் அநாதையானது. இங்கே வீடு சிறியதாகி அநாதையாகிறது. முடிவில் இரண்டு இடத்திலும் தேக்கு ஒன்றுதான், அதற்கு வாய்த்த கதியும் ஒன்றுதான்.

மலிவுக்கு நம்மிடையே இன்னொரு காரணமும் உண்டு. பழைய கட்டிலென்றால் "யார் செத்த கட்டிலோ" என்பார் என் மாமியார். சீனர்களிடமும் இந்தப் பந்தாங், அதாவது ஆகாது என்று விலக்கும் நம்பிக்கை, வலுவாக உண்டு. சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் புளோக்குகளின் கீழே போய்ப் பாருங்கள்: சோபா, சாமான் அறை அலமாரி, சுழல் நாற்காலி, எல்லாம் குப்பை எடுக்கும் இடத்தருகே காத்திருக்கும். தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளவும் முடியாது. தீ விபத்து நேர்ந்தால் தப்பிக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. பெரிய சாமான்களை நகர மன்றத்துக்குத் தகவல் சொன்னால் வந்து எடுத்துப் போய்விடுவார்கள். தூக்கிப் போடுவது இவ்வளவு சுலபமாக இருக்கும் ஊரில், ஒருவரைத் தேடிப்பிடித்துக் கொடுப்பதுதான் சிரமமான காரியம்.

முன்பு அந்தச் சிரமத்தைச் சுமக்க ஆட்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ரோச்சோர் கால்வாயை ஒட்டிய சுங்கை ரோட்டில், 1930களிலிருந்து ஒரு பழம்பொருள் சந்தை இருந்தது. திருட்டுச் சந்தை என்று பெயர் வாங்கியிருந்தாலும், அங்கே தரையில் விரித்திருந்ததில் பெரும்பகுதி ஊர் கழித்துக் கட்டியவைதான்: கைக்கடிகாரம், வானொலி, காலணி, சட்டை. கராங் குனிக்காரர்கள் வீடு வீடாக ஹாரன் அடித்துச் சேர்த்தவை அங்கே போய்ச் சேரும். விரிப்பதற்கு வாடகை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் அங்கே ஜீன்ஸும் பூட்ஸும் கைப்பேசியும் பேரம் பேசி வாங்குவார்கள். செகண்ட் ஹேண்ட் என்பது எனக்கு ரசனை; அவர்களுக்கு மாதச் சம்பளத்திலிருந்து ஊருக்கு இன்னும் கொஞ்சம் அனுப்பும் வழி. 2011இல் அந்தச் சந்தை பாதியாகச் சுருங்கியது; 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. விற்பவர்கள் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். செயலியில் படம் பிடித்துப் போட அவர்களுக்குத் தெரியாது.

கைமாறாமல் போனவை எங்கே போகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எரிக்கக்கூடிய குப்பை துவாஸ், செனோக்கோ ஆலைகளில் எரிகிறது. பருமன் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மிஞ்சிய சாம்பல் படகேறித் தெற்குக் கடலில் இருக்கும் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 7 கிலோமீட்டர் கல்லணை கட்டிக் கடலை வளைத்து, 1999 ஏப்ரலில் தொடங்கிய குப்பைக்கிடங்கு அது. சுமார் 350 ஹெக்டர். சிங்கப்பூருக்கு மிச்சமிருக்கும் குப்பைக்கிடங்கு அது ஒன்றுதான். இப்போதைய வேகத்தில் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். மரின் பரேடில் வாங்க ஆளில்லாமல் போயிருந்தால், எங்கள் அலமாரியும் ஒருநாள் கடலோரம் போய்ச் சேர்ந்திருக்கும், வேறு உருவத்தில்.

அந்த மரின் பரேடே கடலைத் தூர்த்து எழுந்த ஊர்தான். 1966இல் தொடங்கிய கிழக்குக் கரை நில மீட்புப் பணி இருபது ஆண்டுபோல் நடந்து 1,525 ஹெக்டரைக் கடலிலிருந்து எடுத்தது. பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, மண்ணைக் கன்வேயர் பட்டையில் கரைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். நாங்கள் பாய் விரித்துப் புளிச்சோறு சாப்பிட்ட பூங்காவும் அந்த மீட்பில் வந்தது. இப்போது அந்தக் கரைக்கும் மாற்றல் வந்திருக்கிறது. அதற்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டரில் 'லாங் ஐலண்ட்' என்ற புதிய நிலம் உருவாக்கும் திட்டத்தை அரசு 2023 நவம்பரில் அறிவித்தது. கடல்மட்டம் உயர்வதிலிருந்து கிழக்குக் கரையைக் காப்பதும் உள்ளே ஒரு நன்னீர்த் தேக்கம் அமைப்பதும் நோக்கம். பாய்க்கு எதிரே இருக்கும் உப்புத் தண்ணீர் ஒருநாள் நல்ல தண்ணீராகலாம்.

இப்படி ஓர் ஊரில் வாழ்ந்துகொண்டு, எனது எனது என்று எதை எவ்வளவு நாளைக்குச் சொல்வது? நாங்கள் குடியிருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கே 99 ஆண்டுக் குத்தகைதான். பேணி வைத்தால் தேக்கு அந்தக் குத்தகையையும் தாண்டி நிற்கும். வீட்டுக்கு நாங்கள் உரிமையாளர்கள், அலமாரிக்கும் உரிமையாளர்கள்; ஆனால் கணக்குப் பார்த்தால் இரண்டிலுமே நடுவில் வந்து நடுவில் போகிறவர்கள்.

விரக்தியில் இதைச் சொல்லவில்லை. நடுவில் வருகிறவருக்கும் செய்ய வேண்டிய வேலை உண்டு. பொது இடத்தில் இருக்கையை விட்டு எழும்போது நாம் சிந்தியதைத் துடைத்துவிட்டு எழுகிறோம். அவ்வளவு எளிமையான நியாயம்தான் இதுவும். மலிவாக வாங்கியவர் படும் கடன் விற்றவருக்கு மட்டும் உரியதல்ல. நாற்பது வெள்ளியோடு அவர் கணக்கு முடிந்தது. அவரும் மலிவை ஏற்றுக்கொண்டுதான் விற்றார். குப்பைக்குப் போவதைவிட ஒரு வீட்டுக்குப் போகட்டும் என்பதில் அவருக்கும் ஒரு லாபம் இருந்தது. கடன் அடுத்து அதைத் திறக்கப்போகும் கைக்கு. கீலுக்கு எண்ணெய் விடுவது, கரையான் பார்ப்பது, கண்ணாடிக் கதவை ஓங்கிச் சாத்தாமல் இருக்கப் பிள்ளைகளைப் பழக்குவது, எல்லாம் அந்தக் கடனின் வட்டி.

அசலைத் தீர்ப்பது கடினம். அசல் என்பது, நம்மால் முடிகிற காலத்திலேயே அதைத் தகுந்த கையில் ஒப்படைப்பது. அந்தப் பெரியவர் செய்தது அதைத்தான். பெட்டி கட்டும் அவசரத்திலும் ஒரு விலை வைத்து, வந்தவர்களைக் கதவருகே நிறுத்தி நாலு கேள்வி கேட்டு, கதையைச் சொல்லிக் கொடுத்தார். பெரும்பாலோர் இதைத் தள்ளிப்போடுகிறோம். பிறகு ஒரு நாள் பிள்ளைகள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், மொத்தத்தையும் கீழே இறக்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் நாம் பொருளைக் கொடுத்தோமே தவிர, கதையைக் கொடுக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. காப்பாற்றுகிறேன் என்று கீழே கிடப்பதையெல்லாம் மேலே தூக்கி வருவது இன்னொரு வியாதி. நடக்க வழியில்லாமல் சாமான் அடைந்த வீடுகள் இந்த ஊரில் உண்டு; அங்கேயும் பொருள் வீணாகத்தான் போகிறது, கொஞ்சம் தாமதமாக. பயன்படாத இடத்தில் பத்திரமாக இருக்கும் பொருளுக்கும் எரிந்த பொருளுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் பழைய சாமான் வாங்கப் போகும்போது என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். என்ன மரம், என்ன விலை, எவ்வளவு குறைப்பார் என்பதெல்லாம் பிறகு. முதலில், நாளைக்கு இதை நான் யாரிடம் கொடுப்பேன்? அதற்கு மனத்தில் ஒரு முகமாவது தோன்றினால் லாரிக்குச் சொல்லலாம். தோன்றவில்லையென்றால், தேக்கே ஆனாலும் 40 வெள்ளி அதிகம்.