மாதாவும் இடம்பெயர்ந்தவர்தான்

நத்தார் நடுச்சாமப் பூசையில் நித்திரை கொள்வது பாவமா சாமி? (வங்காலை)

குறட்டை விட்டால் மட்டும்.

சின்ன வயதில் எனக்கு வலிப்பு வந்தது. பேய் என்று சொல்லி, செபக்கூட்டத்தில் தலைமயிரைப் பிடித்து உலுக்கினார்கள். "கறுப்பிக்குள் கறுப்பு ஆவி" என்றார்கள். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். நத்தாருக்கு ஊருக்குப் போனால் அதே கூட்டம், அதே ஆட்கள். போகாவிட்டால், விசுவாசம் போய்விட்டது என்று அம்மா அழுகிறார். (தலைமன்னார் வாசகி, இப்போது கொழும்பு)

வலிப்பு வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோய், பிள்ளை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியவர்கள் உம்முடைய தலைமயிரைப் பிடித்தவர்கள். ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் குருவானவரே பேயோட்டக்கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1172. செபக்கூட்டத்து மாமிமாருக்கு யார் அனுமதி கொடுத்தது?

அம்மா ஓகஸ்ட் திருவிழாவுக்கு மடுவில் கொட்டில் போட்டுத் தங்குகிறவர்தானே? மடு மாதாவின் சுருபம் அங்கே எப்படி வந்தது என்று அவரிடமே கேளும். ஒல்லாந்தர் மாந்தையில் இருக்கவிடவில்லை. 1670இல் இருபது குடும்பங்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாக நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். 2008 ஏப்ரலில் ஷெல்லடிக்குள் மாதா மறுபடி தேவன்பிட்டிக்குப் போனார். அடி ஓய்ந்த பிறகு ஓகஸ்டில் திரும்பினார். "ஷெல் விழுகிற இடத்திலேயே இருங்கள், அதுதான் விசுவாசம்" என்று மாதாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. உமக்கு மட்டும் ஏன் சொல்கிறார்கள்?

ஊருக்குப் போனால், அம்மாவோடு இரவுப் பூசைக்குப் போம். மனம் வராவிட்டால் வீட்டிலிருந்து பயற்றம் உருண்டை பிடியும். பங்குத்தந்தை கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லும். செபக்கூட்டத்துக்குப் பாய் விரிக்க முன்னமே கொழும்பு ரயிலில் ஏறிவிடும். இந்த வருசம் அம்மா உம்மிடம் வந்தாலும் குறைந்து போகமாட்டார். எங்கே சந்தித்தாலும், அவர் பார்த்துக்கொண்டு நின்றதை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லும். அழுவார். அழட்டும்.

கோயிலெல்லாம் வெள்ளைச் சுருபங்கள். கறுப்பான புனிதர் இல்லையா? (பேசாலை)

லீமா நகரத்து மார்ட்டின் தெ போரஸ். தகப்பன் ஸ்பானியப் பிரபு, தாய் அடிமைத்தளை நீங்கிய கறுப்பினப் பெண். ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயரே இல்லை. நிறத்தைக் காட்டி, தொமினிக்கன் மடத்தில் முதலில் வேலையாளாகத்தான் சேர்த்தார்கள். 1962இல் அதே ஆளைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியது. லீமா தூரம் என்றால் புத்தளம் சிரம்பியடிக்குப் போம். ஆபிரிக்க வழிவந்த கத்தோலிக்கர் அங்கே போர்த்துக்கேயக் கிரியோலில் பாடுவார்கள். ஒரு நேரம் அவர்களோடு இருந்து சாப்பிட்டால், "கறுப்பி" என்று சொல்ல வாய் கூசும்.

தைப்பொங்கலுக்கு அயல்வீட்டுச் சைவக்காரர் தருகிற பொங்கலைச் சாப்பிடலாமா? (முருங்கன்)

ஆற முன்னம்.