கைக்கெட்டும் உயரம்

ஆண்டு பிறக்கும் நாளில் மனிதன் தனக்குத் தானே ஒரு சொல் கொடுக்கிறான். இவ்வாண்டு இதனைச் செய்வேன், இதனை விடுவேன் என்பது அச்சொல். எல்லைப்புறத்தில் வாழும் தமிழராகிய நமக்கு அச்சொல்லைக் கொடுப்பதற்குப் பல நாள்கள் வாய்த்திருக்கின்றன. சனவரி முதல் நாள் உலகத்தோடு ஒட்டி வருகிறது. தை முதல் நாளையே தமிழர் புத்தாண்டாகக் கொள்வோரும் நம்மிடையே உண்டு. சித்திரை முதல் நாளில் நாம் பழமும் பூவும் கண்ணாடியும் வைத்துக் கண்விழிக்கிறோம். பெரும்பாலும் அதே நாளில், சில ஆண்டுகளில் மறுநாளில், அடுத்த வீட்டில் விஷுக்கணி ஒளிர்கிறது. சிங்ஙம் என்று மலையாளத்தார் வழங்கும் ஆவணி பிறக்கும்போது கொல்லம் ஆண்டும் பிறக்கிறது. இத்தனை முறை ஆண்டு பிறந்தும், கொடுத்த சொல் ஒருமுறையேனும் நிறைவேறியதா என்று கேட்டால், பலரும் புன்னகை செய்து பேச்சை மாற்றிவிடுகின்றனர்.

அப்புன்னகையை எளிதாகக் கடந்துவிடுதல் ஆகாது. சீட்டுத் தவணையை நாள் தவறாமல் கட்டுகிறோம். கடைக்காரருக்குச் சொன்ன நாளில் பணம் சேர்க்கப் படாத பாடு படுகிறோம். உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு வருவதாகச் சொல்லிவிட்டால், மலையிறங்கிப் பேருந்து மாறி நள்ளிரவிலேனும் போய்ச் சேருகிறோம். பிறருக்குக் கொடுத்த சொல்லுக்குச் சான்று கூற நால்வர் உண்டு. தனக்குக் கொடுத்த சொல்லுக்கோ தன் நெஞ்சம் ஒன்றே சான்று. அச்சான்றை ஆண்டுதோறும் ஏமாற்றிப் பழகியவன், நாளடைவில் தன் சொல்லைத் தானே நம்பாத நிலையை எய்துகிறான். ஆகவே, புத்தாண்டுக் குறிக்கோள் என்பது மேலோட்டமாக நோக்கின் திறமை பற்றிய செய்தியாகத் தோன்றினும், ஆழ்ந்து நோக்கின் வாய்மை பற்றியதே ஆகும். ஒருவன் தனக்கென வைத்துக்கொள்ளும் குறிக்கோள் எவ்வளவு உயரமாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவை அந்த நோக்கிலேயே ஆராய்வோம்.

வள்ளுவர் இருவேறு வகையாகப் பேசுவது போல் இங்குத் தோன்றும். ஊக்கமுடைமையில், எண்ணுவதை உயர்வாகவே எண்ணுமாறு அவர் நம்மைத் தூண்டுகிறார். அது கைகூடாமற் போனாலும் எண்ணியதன் பெருமை குறைவதில்லை என்று தேற்றுகிறார். வலியறிதலிலோ, மயில் தோகை போன்ற மெல்லிய பொருளாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காது என்று எச்சரிக்கிறார். ஓர் அதிகாரம் ஏறு என்கிறது. மற்றோர் அதிகாரம் நின்று எடை பார் என்கிறது. எதனைக் கேட்பது?

இதற்கு விடை காணத் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. மூணாற்றிலும் பீர்மேட்டிலும் மலைச்சரிவெங்கும் படர்ந்திருக்கும் தேயிலையை நோக்கினால் போதும். தேயிலை இயல்பாற் செடி அன்று, மரம். வெட்டாமல் விட்டுவிட்டால் 10 மீட்டருக்கும் மேல் ஓங்கி வளரக்கூடியது. அதனைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து, இடுப்பளவில் நிறுத்தி வைக்கின்றனர். கொழுந்து பறிப்பவரின் கை எட்ட வேண்டும் என்பதே காரணம். வானளாவ வளர்ந்த தேயிலை மரத்திலும் கொழுந்து உண்டு. ஆனால் அது கூடைக்கு வந்து சேராது. உயரம் குறைக்கப்பட்ட செடி பக்கவாட்டிற் கிளைத்துப் பரந்து, சில நாள்களுக்கு ஒருமுறை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தளிர்த்துக்கொண்டே இருக்கிறது. மரமாக ஓங்கும் இயல்பை அது இழந்துவிடவில்லை. அவ்வியல்பே கொழுந்தாக மாறிக் கைக்கு வருகிறது.

எண்ணமும் குறிக்கோளும் இவ்வாறு தொடர்புடையவை. எண்ணம் மரத்தின் இயல்பு. அதற்கு வானமே எல்லை. குறிக்கோள் கவாத்து செய்யப்பட்ட உயரம். அதற்குக் கையே அளவு. வள்ளுவர் ஊக்கமுடைமையில் உள்ளத்தைப் பற்றிப் பேசினார். வலியறிதலில் வினையைப் பற்றிப் பேசினார். இரண்டும் முரண்பட்டன அல்ல. உள்ளத்திற்கு உரிய உயரத்தை வினைக்கு வைப்பவன் ஆண்டு முடிவில் வெறுங்கூடையோடு நிற்கிறான். வினைக்கு உரிய உயரத்தை உள்ளத்திற்கு வைப்பவனோ வளர்ச்சியையே இழந்துவிடுகிறான்.

இங்கு ஒரு தடை எழுகிறது. அதனை மழுப்பாமல் எதிர்கொள்ளுதல் வேண்டும். "எட்டுகிற அளவுக்கு ஆசைப்படு" என்னும் அறிவுரை நம் முன்னோருக்குப் புதியது அன்று. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கங்காணிகளின் பின்னே, முன்பணக் கடனோடு மலையேறிய மக்களுக்கு, எது எட்டும், எது எட்டாது என்பதைப் பிறரே வரையறுத்துக் கொடுத்தனர். நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து, இத்தனை காசு கூலி, லயத்தில் ஓர் அறை என்று எல்லாம் அளந்து வைக்கப்பட்டன. அளவறிந்து வாழ்தல் என்னும் நல்லறம், அடங்கிக் கிட என்னும் கட்டளைக்குப் போர்வையாகவும் பயன்பட்டதுண்டு. அவ்வாறிருக்க, எட்டும் குறிக்கோளை வைத்துக்கொள் என்று ஏழைக்குச் சொல்வது எவ்வாறு அறமாகும்?

இதற்கு நூலறிவைக் காட்டிலும் தெளிவான விடையை மூணாற்றுப் பெண்களே தந்திருக்கின்றனர். 2015ஆம் ஆண்டு அவர்களுக்கு ஒரு நாட் கூலி 232 ரூபாய். அதற்கு அவர்கள் பறிக்க வேண்டிய கொழுந்து குறைந்தது 21 கிலோ. முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனஸ், அவ்வாண்டு 10 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் மாதத்தில் அப்பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி வைத்துவிட்டுச் சாலையில் வந்து அமர்ந்தனர். பெம்பிளை ஒருமை என்று அவ்வெழுச்சிக்குப் பெயர் வழங்கிற்று. 20 விழுக்காடு போனஸ், 500 ரூபாய் நாட் கூலி என்பன அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானவை. ஒன்பது நாள் கழித்துச் செப்டம்பர் 13 அன்று 8.33 விழுக்காடு போனஸாகவும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையாகவும் சேர்ந்து 20 விழுக்காடு கிடைத்தது. கூலியோ அடுத்த மாதப் பேச்சுவார்த்தையில் 301 ரூபாய் என்று முடிவாயிற்று. 500 ரூபாய் எட்டவில்லை.

இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்து நோக்குக. 20 விழுக்காடு என்பது கணக்கறிந்து வைத்த இலக்கு. முந்தைய ஆண்டு கையில் வாங்கியதற்கு அடுத்த படி. அது முழுமையாகக் கைகூடிற்று. 500 ரூபாய் என்பது உயர்ந்த எண்ணம். அவ்வெண்ணம் அன்று முழுமையாகப் பலிக்கவில்லை எனினும், கூலியை 69 ரூபாய் மேலே இழுத்து வந்தது. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. இரண்டையும் வரையறுத்தவர்கள் அப்பெண்களே என்பது எல்லாவற்றினும் பெரிய உண்மை. 21 கிலோ என்பதும் இலக்குதான்; அதனைப் பிறர் அவர்களுக்கு வைத்தனர். 20 விழுக்காட்டை அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்டனர். அளவு சிறிதா பெரிதா என்பதற்கு முன்னே, அளந்தவர் யார் என்று கேட்பதே அறத்தின் முதல் வினா. பிறர் நம்மை வெட்டி நிறுத்தினால் அஃது அடிமை. நாமே நம் உயரத்தை அறிந்து நிறுத்தினால் அஃது அடக்கம்.

அளப்பவர் நாமேயானால், எதனை அளக்க வேண்டும் என்பது அடுத்த வினா. இதற்குப் பாலக்காட்டுச் சமவெளிக்கு இறங்கி வருவோம். சித்தூர் வட்டத்தின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்கள் மழை மறைவு நிலத்தில் அமைந்தவை. கேரளத்தின் மழைப் பெருக்கு அவ்வூர்களுக்கு வாய்ப்பதில்லை. 1970ஆம் ஆண்டு மே 29 அன்று கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டொன்றுக்கு 725 கோடி கன அடி நீர் சித்தூர்ப் பகுதிக்கு உரியது. அந்நீர்க்கணக்கின் ஆண்டு சூலை முதல் நாளில் பிறந்து சூன் இறுதியில் முடிகிறது. அங்குள்ள உழவர்க்கு அதுவும் ஒரு புத்தாண்டே.

மழை பொய்த்த ஆண்டுகளில் அந்நீரின் அளவு குறித்து இரு மாநிலங்களுக்கிடையே வாதம் எழுவதுண்டு. உழவன் அவ்வாதத்தை முடித்து வைக்க வல்லவன் அல்லன். மேகத்தை அழைக்கவும் வல்லவன் அல்லன். எத்தனை செண்டு நிலத்தில் விதைப்பது, எந்தப் பயிரை இடுவது, வரப்பை எப்போது கட்டுவது என்பன அவன் கையில் உள்ளன. நல்ல உழவன் இத்தனை மூட்டை விளைவிப்பேன் என்று சூளுரைப்பதில்லை. இன்ன நாளுக்குள் வாய்க்காலைத் தூர்வாரி முடிப்பேன் என்றே உறுதி கொள்கிறான். விளைவைக் குறிக்கோளாக்கினால் அது மழையின் கையில் இருக்கிறது. வினையைக் குறிக்கோளாக்கினால் அது நம் கையில் இருக்கிறது. தன் கையில் இல்லாத ஒன்றைச் செய்வேன் என்று சொல் கொடுப்பது, நோக்கம் நல்லதாயினும், வாய்மையின் எல்லையைக் கடந்ததாகிவிடும்.

நம் இல்லங்களில் இத்தவறு மற்றொரு வடிவில் நிகழ்கிறது. இவ்வாண்டு என் மகன் வகுப்பில் முதல்வனாக வர வேண்டும் என்று தந்தை உறுதி கொள்கிறார். உறுதி கொண்டவர் ஒருவர், அதனைச் சுமப்பவன் மற்றொருவன். தன் குறிக்கோளைக் குழந்தையின் தோளில் ஏற்றிவிட்டு, அது தடுமாறும்போது சினந்து கொள்ளுதல் முறையாகுமா? மாலையில் வீடு திரும்பியபின் அரை மணி நேரம் அவன் அருகில் அமர்ந்திருப்பேன் என்று உறுதி கொள்வது, சொல்வதற்குச் சிறியது. ஆயினும் அது சொன்னவருடைய தோளிலேயே நிற்கிறது.

எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு நெஞ்சை உறுத்தும் கவலை ஒன்று உண்டு. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருப்பினும், நம் பிள்ளைகளுட் பலர் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பாட்டி எழுதி வைத்த குறிப்பைப் படிக்க அறியாமல் விழிக்கின்றனர். இவ்வாண்டு என் பிள்ளையைத் தமிழறிஞனாக்குவேன் என்று சங்க மேடையில் முழங்குவது எளிது. அதற்கு மாறாக, எழுத்தை எண்ணிப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. சித்திரை மாதத்திற்கும் பெரும்பாலும் 31 நாள்கள். நாளுக்கு ஓர் எழுத்து என்று தாயும் பிள்ளையும் கூடி அமர்ந்தால், வைகாசி பிறக்கும்போது முதலெழுத்தும் ஆய்தமும் கைவந்துவிடும். காலும் கொம்பும் சுழியும் சேர்ந்து எழும் 216 உயிர்மெய்களையும் அடுத்து வரும் மாதங்களில் அமைதியாகக் கற்கலாம்.

இது வெறுங்கனவு அன்று என்பதற்கு நாம் வாழும் மாநிலமே சான்று. எறணாகுளம் மாவட்டம் முழுமைக்கும் எழுத்தறிவு என்னும் இலக்கு முதலில் வகுக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று அது நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னரே மாநிலம் முழுவதும் அப்பணி பரவிற்று. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று, சித்திரை பிறந்த சில நாள்களில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாகக் கோழிக்கோட்டில் அறிவித்தவர், புதிதாக எழுத்தறிந்த சேலக்கோடன் ஆயிஷா என்னும் மலப்புறத்துப் பெண்மணி. முதலில் ஒரு மாவட்டம், பின்னர் ஒரு மாநிலம். ஒவ்வொருவருக்கும் அன்றன்றைக்குச் சில எழுத்துகள். பேரெண்ணம் சிறு வினைகளில் இறங்கி வந்ததனாலேயே நிலத்தில் காலூன்றியது.

இவ்வளவு எண்ணி வைத்த குறிக்கோளும் இடையில் தவறலாம். நோய் வரும், வேலை மிகும், ஒரு வாரம் விட்டது ஒரு மாதமாகும். அப்போது என்ன செய்வது? மீண்டும் தேயிலையையே நோக்குவோம். கவாத்து செய்த செடி வெறுங்குச்சிகளாக நிற்கும். சில மாதங்கள் அதிலிருந்து ஒரு கொழுந்தும் கிடையாது. அது பட்டுப்போயிற்று என்று எவரும் பிடுங்கி எறிவதில்லை. வேர் உள்ளே உழைத்துக்கொண்டிருப்பதை அறிந்து காத்திருக்கின்றனர். சித்திரையில் கொடுத்த சொல் ஆனியில் தளர்ந்தால், ஆவணியில் ஓர் ஆண்டு பிறக்கிறது. அதிலும் தளர்ந்தால் சனவரி உண்டு, தை உண்டு. பல புத்தாண்டுகளுக்கு இடையே வாழும் நமக்கு இஃது ஒரு பேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்லைப் பெரிதாக்காமல், தவறிய இடத்தை அறிந்து, அளவைத் திருத்திக்கொண்டு தொடங்குதல் வேண்டும். தவறியதை ஒளிக்காமல் எண்ணிப் பார்ப்பவனுடைய அடுத்த சொல்லுக்கு வலிமை மிகும்.

நம் முன்னோர் சித்திரையில் நல்லேர் பூட்டினர். மலையாள உழவர் விஷுவன்று சால் கீறினர். இரு நாட்டாரும் அன்று வயல் முழுவதையும் உழுதுவிடவில்லை. குளித்து, கலப்பைக்குப் பொட்டிட்டு, சில சால் மட்டும் ஓட்டிவிட்டு வீடு திரும்பினர். எஞ்சிய நிலம் எஞ்சிய நாள்களுக்கு என்று விடப்பட்டது. அந்நாளில் அவர்கள் வாயாற் கொடுத்த சொல் ஏதும் இருந்ததா என்று நாம் அறியோம். கீறிய சால் மண்ணில் இருந்தது. வரும் ஆண்டில் நாமும் நம் உயரத்தை நாமே அளந்து, நம் கைக்கு எட்டும் ஒரு வினையைத் தேர்ந்து, அதனை அன்றைக்கே சிறிதளவு செய்து முடிப்போமாக.