யார் கணக்கில் வைப்பது?

கைகால்களை முடக்கும் கில்லன் பாரே நோய் என் பாதத்தில் தொடங்கி இடுப்புக்கு மேல் ஏறியபோது, "போன ஜென்மத்து வினைடா" என்றார் அத்தை. நானும் திருநீறு பூசுகிறவன்தான், வினையை மறுக்கவில்லை. ஆனால் இதில் குற்றவாளி யார்? வயிற்றுப்போக்கு தந்த கேம்பிலோபாக்டர் கிருமியை அழிக்க உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடிகள், அதன் மேலுறையை ஒத்திருந்த நரம்புகளையும் தாக்கிவிட்டன. காவல்காரன் வீட்டுக்காரனையே அடித்த கதை. கெட்ட எண்ணம் எங்குமே இல்லை. எண்ணமே வினை என்றது பௌத்தம்; அறியாமல் செய்ததும் ஒட்டும் என்றது சமணம். இந்த ஒரு விஷயத்தில் நான் பௌத்தர் பக்கம்.

சிகிச்சை இன்னும் குழப்பியது. ஸ்டீராய்டு இந்நோய்க்கு உதவாது. ஏற்றியது இம்யூனோகுளோபுலின்: உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 0.4 கிராம், 5 நாள். (விலையைக் கேட்டு மனைவிக்குத்தான் கைகால் விழுந்தது.) ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுக்கும் மருந்து அது. அவரவர் வினை அவரவருக்கு என்றால், முகம் தெரியாத அத்தனை பேரின் தற்காப்பு என் உடம்பில் எப்படி வேலை செய்தது? எல்லாம் என் புண்ணியம் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். சொன்னால் கொடுத்தவர்கள் வெறும் கருவிகளாகிவிடுவார்கள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.